கொள்ளுப்பாட்டியைத் தேடும் ஒரு நூலும் நம் திருச்சபைக் குடும்ப வரலாறுகளும்

முன்னோரின் வரலாற்றைத் தேடுதல் திருமறைக்குப் புதியதன்று. ஆனால் அத்தேடலைப் பற்றித் திருமறை ஒரே குரலில் பேசவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களுள் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாமற்போகவே, ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டனர். அங்கே வம்சவரலாறு மனிதரை வெளியே தள்ளும் கருவியாயிற்று. முடிவற்ற வம்சவரலாறுகளில் ஈடுபடவேண்டாமென்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபம் எச்சரிக்கிறது. மத்தேயுவோ தம் நற்செய்தியை ஒரு வம்ச அட்டவணையைக் கொண்டே தொடங்கி, தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரை அதனுள் நிறுத்துகிறார். குடும்பப் பெருமையைக் காக்க விரும்பும் எவரும் மறைத்துவிடக்கூடிய பெயர்கள் இவை. விலக்குவதற்காகத் தேடும் வம்சவரலாறு, பெருமைக்காகத் தேடும் வம்சவரலாறு, மறைக்கப்பட்டோரை அவர்தம் இடத்தில் நிறுத்தும் வம்சவரலாறு என மூன்றும் நம் முன் இருக்கின்றன.

இம்மூன்றனுள் கடைசி வகையைச் சேர்ந்ததும், நம் திருச்சபை வரலாற்றை எழுதுவோருக்குப் பல வினாக்களை எழுப்புவதுமான ஓர் ஆங்கில நூலை ஆய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கயானா நாட்டில் பிறந்து, சிறுமியாயிருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறி, பத்திரிகையாளராக விளங்கும் கயூத்ரா பகதூர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கூலி வுமன்’, அதாவது ‘கூலிப் பெண்’, என்பதே அந்நூல். தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவின் வாழ்க்கையைத் தேடிச் சென்ற ஒரு பேத்தியின் ஆய்வு இது.

1. நூலின் பொருள்

1834ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை சட்டப்படி நீங்கத் தொடங்கியபின், கரும்புத் தோட்ட முதலாளிகள் வேலையாட்களை வேறிடங்களில் தேடினர். 1838ஆம் ஆண்டு மே மாதம் முதற்கப்பல்கள் இந்தியரை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. அன்றுமுதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் அந்த ஒரு குடியேற்ற நாட்டிற்கு மட்டும் ஒப்பந்தத் தொழிலாளராக அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும், ஒரு பகுதியினர் சென்னை வழியாகவும் சென்றனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் பெண்களையும் அனுப்பவேண்டும் என்பது விதி. அவ்வெண்ணிக்கையை நிரப்புவது எளிதாயிருக்கவில்லை. ஆகையால் ஆள்பிடிப்போர் திருத்தலங்களிலும் சந்தைகளிலும் வழிப்பாதைகளிலும், விதவைகளையும், கணவன் வீட்டைவிட்டு வெளியேறியவர்களையும், ஆதரவற்றோரையும் தேடித் திரிந்தனர்.

சுஜாரியா 1903ஆம் ஆண்டில் ‘கிளைட்’ என்னும் கப்பலில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டாள். குடியேற்றச் சீட்டில் அவள் வயது 27, சாதி பிராமணர், பீகாரின் சாரண் மாவட்டத்தைச் சார்ந்தவள், நான்கு மாதக் கர்ப்பிணி, உடன்வந்த கணவன் எவருமில்லை. கப்பற்பயணத்தின்போதே அவளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. அக்குழந்தையே ஆசிரியரின் பாட்டனார். கரையிறங்கியபின் சுஜாரியா கரும்புத் தோட்டத்தில் வேலைசெய்து, அந்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தாள். அவள் ஏன் புறப்பட்டாள்? கருவிலிருந்த குழந்தையின் தந்தை யார்? அவன் உயிரோடிருந்தானா? அவள் ஏமாற்றப்பட்டாளா, தானே துணிந்து வந்தாளா? நூலின் இறுதிவரை இவற்றுக்கு முடிவான விடை இல்லை. கிடைக்காத விடையைக் கிடைத்ததாகக் காட்டாமையே இந்நூலின் முதற் சிறப்பு என்பேன்.

2. ‘கூலி’ என்னும் சொல்

நூலின் தலைப்பு பலரைப் புண்படுத்தியதுண்டு. கரீபியன் நாடுகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் இது இந்தியரை இழிவுபடுத்தும் வசைச்சொல். ஆசிரியர் இதை உணர்ந்தே தம் முன்னுரையை இச்சொல்லைப் பற்றியதாக அமைத்திருக்கிறார். சொல்லின் மூலம் தமிழே என்பாரும், மேற்கிந்தியாவின் கோலி என்னும் மக்கட்பெயரே என்பாரும் உளர். எவ்வாறாயினும் தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தனிச் சிந்தனை எழாமலிராது. நம் மொழியில் கூலி என்பது வேலைக்குக் கொடுக்கப்படும் ஊதியம். வேலையாள் தன் கூலிக்குத் தகுதியுள்ளவன் என்று ஆண்டவர் கூறியபோதும், திராட்சத்தோட்ட உவமையிலும், பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியபோதும், அச்சொல் நீதியின் பக்கம் நிற்கிறது. கொடுக்கவேண்டியதன் பெயரை உழைப்பவருக்கே பெயராகச் சூட்டியபோது, ஆள் மறைந்து அவரது உழைப்பின் விலை மட்டும் எஞ்சியது.

திருச்சபையும் இதற்கு விலக்கன்று. இலங்கையின் மலைத்தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே சி.எம்.எஸ். சங்கத்தார் 1854ஆம் ஆண்டில் தொடங்கிய பணிக்குத் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே பெயரிட்டனர். திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசியார்கள் அப்பணிக்குச் சென்றனர் என்பதை நாம் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வது வழக்கம். அப்பெயர் நம்மை நெடுங்காலம் உறுத்தவில்லை என்பதையும் உடன் நினைத்தல் தகும்.

3. சீட்டு சொல்வதும் சொல்லாததும்

குடியேற்றச் சீட்டு ஒவ்வொன்றிலும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடலிலுள்ள அடையாளம், மாவட்டம், காவல் எல்லை, ஊர், நெருங்கிய உறவினர் என்னும் கட்டங்கள் இருந்தன. ஒருவர் ஓடிப்போனால் பிடித்து அடையாளம் காண்பதற்கு இவை போதும். ஆனால் அவர் யார் என்று அறிவதற்குப் போதா. எழுதியவர் அரசாங்க எழுத்தர்; மறுமொழி சொன்னவர் பெரும்பாலும் எழுத்தறியாதவர். ஊரை மறைக்க விரும்பியோர், பெயரை மாற்றிச் சொன்னோர், சாதியை உயர்த்தியோ தாழ்த்தியோ சொன்னோர் உண்டு. ஆகையால் சீட்டிலுள்ளது உண்மைக்கு ஒரு தடயமேயன்றி உண்மை முழுவதுமன்று.

இச்சீட்டோடு ஆசிரியர் நின்றுவிடவில்லை. கப்பல் மருத்துவர்களின் குறிப்பேடுகள், விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள், நீதிமன்றச் சாட்சியங்கள் ஆகியவற்றை ஆராய்கிறார். குடும்பத்து முதியோரின் நினைவுகளைச் சேகரிக்கிறார். பீகாரில் சீட்டிலுள்ள ஊரைத் தேடிச் செல்கிறார். ஆவணங்களில் பெண்கள் தம் குரலில் பேசுவது மிக அரிது. ஒரு பெண் தாக்கப்பட்டாலோ, கொலையுண்டாலோ, மேலாளர்மீது முறையிட்டாலோதான் அவள் சொற்கள் ஏட்டில் ஏறின. அமைதியாக உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, இறந்தவர்கள் எழுத்தில் இல்லை. தோட்டங்களில் பெண்கள் தம் ஆண்களால் கொல்லப்பட்ட கொடுமையை ஆசிரியர் விரிவாக ஆராயும் பகுதி படிப்பதற்கே கடினமானது. எனினும் நூலின் மிக ஆழமான பகுதி அதுவே. பெண்களின் எண்ணிக்கை குறைவாயிருந்ததால் அவர்களுக்குச் சற்றுத் தெரிவுரிமை கிடைத்ததென்றும், அவ்வுரிமையே பலருக்கு உயிராபத்தாயிற்றென்றும் அவர் இரண்டையும் சேர்த்துக் கூறுகிறார். அடிமைத்தனம் என்றோ விடுதலை என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடாத நேர்மை இது.

4. வினாக்களால் எழுதும் முறை

ஆவணம் முடியும் இடத்தில் ஆசிரியர் கற்பனையைக் கொண்டு இடைவெளியை நிரப்புவதில்லை. வினாக்களை அடுக்குகிறார். அவள் விதவையா? துரத்தப்பட்டவளா? தப்பியோடியவளா? என்று பக்கம் பக்கமாக வினாக்கள் வருகின்றன. இம்முறையின் தகுதியை உணர, நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டோடு ஒப்பிடலாம்.

திருநெல்வேலித் திருச்சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. அவற்றின் முதலிடத்தில் நிற்பவர் குளோரிந்தா அம்மையார். பிராமண விதவை, ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரோடு வாழ்ந்தவர். அவ்வுறவின் காரணமாக சுவார்ட்சு ஐயர் அவருக்குத் திருமுழுக்களிக்க முதலில் மறுத்தார். அப்படைத்தலைவர் இறந்தபின் 1778ஆம் ஆண்டில் அளித்தார். பாளையங்கோட்டையில் 1785ஆம் ஆண்டில் ஆலயம் அமைத்தவரும் இவ்வம்மையாரே. இவருடைய வாழ்க்கையை அ. மாதவையா 1915ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வரலாற்றுப் புதினமாக எழுதினார். ஆவணத்தில் இல்லாதவற்றைப் புதினம் தன் உரிமையால் நிரப்பிற்று, அதிற் குற்றமில்லை. ஆனால் சபையாரிடையே அப்புனைவும் வரலாறும் நாளடைவில் ஒன்றாய்க் கலந்துவிட்டன. அம்மையாரின் கொடையையும் பக்தியையும் போற்றுகின்ற நம் மேடைகள், அவர் அந்தப் படைத்தலைவரோடு வாழ்ந்த ஆண்டுகளை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவதும் உண்டு. வினாவை வினாவாகவே வைத்திருக்கும் பொறுமை நமக்கு இல்லை. கயூத்ரா பகதூரிடம் அது இருக்கிறது.

எனினும் இம்முறைக்கும் ஆபத்து உண்டு. வினாக்களின் வரிசையே சில நேரங்களில் விடையைச் சாய்த்துக் காட்டிவிடும். துயரமும் துணிவும் நிறைந்த சாத்தியங்களே மிகுதியாக அடுக்கப்படும்போது, வறுமையால் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட சாதாரணச் சாத்தியம் பின்னே தள்ளப்படுகிறது. கேள்விக்குறி இட்டிருப்பதனால் மட்டும் ஒரு கூற்று ஊகம் அல்லாததாகிவிடாது.

5. வேறு சில குறைகள்

நூலின் நடுப்பகுதியில் சுஜாரியா நெடுநேரம் காணப்படுவதில்லை. பிற பெண்களின் வரலாறுகள் அவ்விடத்தை நிரப்புகின்றன. ஒருத்தியின் வாழ்க்கையை எதிர்பார்த்துத் திறக்கும் வாசகர் இதனால் சலிப்படையலாம். சான்றில்லாத ஒருத்தியைச் சான்றுள்ள பலரின் நடுவே வைத்துப் பார்ப்பதே இத்தகைய ஆய்வுக்கு இயன்ற வழி என்பதால், இதை நான் பெருங்குறையாகக் கருதவில்லை. ஆனால் பலருக்கு நேர்ந்தது இவளுக்கும் நேர்ந்திருக்கும் என்று வாசகர் தம்மையறியாமல் முடிவுசெய்துவிடக்கூடும். இவ்வெல்லையை ஆசிரியர் இன்னும் அடிக்கடி நினைவூட்டியிருக்கலாம்.

இறையியல் பயில்வோருக்கு மற்றொரு ஏக்கமும் எழும். கடலைக் கடந்தால் சாதி போய்விடும் என்று நம்பிய ஒருத்தி, கப்பலில் குழந்தையைப் பெற்றெடுத்தபோது எந்தத் தெய்வத்தை அழைத்தாள்? தோட்டத்துக் குடியிருப்பில் எதைத் தொழுதாள்? எந்த நம்பிக்கையை மகனுக்குக் கொடுத்தாள்? ஆவணம் இவற்றைக் கேட்கவில்லை. ஆசிரியரின் முதன்மையான கவலைகளும் உழைப்பு, உடல், வன்முறை என்பவற்றைச் சுற்றியே அமைகின்றன. பெண்களின் சமயவாழ்வு இன்னும் விரிவான ஆய்வுக்குக் காத்திருக்கிறது. அது நம்மவர் செய்யத்தக்க பணியாகும்.

6. மிஷன் ஏடுகளின் தீர்ப்பு

இந்நூலைப் படிக்கும் கிறிஸ்தவ வாசகர் எதிர்கொள்ள வேண்டிய கடினமான வினா ஒன்றுண்டு. தோட்டத்துப் பெண்களை ஒழுக்கங்கெட்டவர்கள் என்று எழுதியவர்கள் முதலாளிகளும் அதிகாரிகளும் மட்டுமல்லர். அருட்பணியாளரும் அவ்வாறே எழுதினர். ஒப்பந்த முறையை ஒழிக்கப் போராடிய சி. எப். ஆன்ட்ரூஸ் அவர்களின் தொண்டு மறுக்கவொண்ணாதது. 1915ஆம் ஆண்டில் பியர்சனோடு பிஜித் தீவுகளுக்குச் சென்று, 1916ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அறிக்கை இந்தியாவின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பிற்று. ஆயினும் அவ்வறிக்கையின் வலிமையே பெண்களின் ஒழுக்கச் சீர்குலைவை எடுத்துக்காட்டுவதிலிருந்து பிறந்தது. முறையைக் கண்டிக்க எழுதப்பட்ட சொற்கள் அப்பெண்களின்மேலும் பழியாகப் படிந்தன. பிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், மேலாளரிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்த குந்தி என்னும் பெண்ணின் முறையீட்டை முன்வைத்து 1985ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், தோட்டங்களின் துயரங்களுக்குப் பெண்களின் நடத்தையே காரணம் என்ற பழைய கருத்தை மறுத்தார். கயூத்ரா பகதூரின் நூல் அவ்வழியிலே மேலும் செல்கிறது.

நல்ல நோக்கத்தோடு எழுதுவோரும் தாம் காக்க விரும்புவோரின் பெயரைக் கெடுத்துவிடக்கூடும் என்பது, அறிக்கை எழுதும் ஊழியர் அனைவரும் மனத்திற் கொள்ளவேண்டிய பாடம்.

7. ஆகாரிடம் கேட்கப்பட்ட வினா

சுஜாரியாவின் சீட்டைப் படிக்கும் எவருக்கும் ஆதியாகமம் பதினாறாம் அதிகாரம் நினைவுக்கு வரும். அங்கும் ஒரு பெண் கர்ப்பவதியாய், தனியாய், வழியிலே காணப்படுகிறாள். அந்த அதிகாரத்தில் ஆபிராமும் சாராயும் அவளைப் பெயர்சொல்லிக் குறிப்பதேயில்லை. அடிமைப்பெண் என்றே பேசுகின்றனர். ஆண்டவருடைய தூதர்தாம் அவளைப் பெயர்சொல்லி அழைத்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். குடியேற்ற அலுவலகத்து எழுத்தரும் ஏறத்தாழ இதே வினாக்களைத்தான் கேட்டார். ஆனால் எழுத்தர் கேட்டது கட்டத்தை நிரப்புவதற்கு. தூதர் கேட்டது அவள் வாய்திறந்து பேசுவதற்கு. அவள் பேசுகிறாள். அதன் முடிவில், தன்னைக் காண்கிற தேவன் என்று ஆண்டவருக்கு ஒரு பெயரையும் அவளே சூட்டுகிறாள்.

இப்பகுதியின் கடுமையை நாம் மழுப்பலாகாது. தன் நாச்சியாரிடம் திரும்பிச் சென்று அடங்கியிருக்கும்படி ஆகாருக்குக் கட்டளையிடப்படுகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரிஸ் வில்லியம்ஸ் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், ஆகாரின் கதையை விடுதலைக் கதையாக அன்றி உயிர்தப்பி வாழ்தலின் கதையாகப் படிக்கவேண்டும் என்று வாதிட்டார். சுஜாரியாவின் வாழ்வையும் அவ்வாறே படிப்பது தகும். அவள் வீராங்கனை என்று நிறுவவேண்டியதில்லை. பலியாள் என்று மட்டும் சொல்லி இரங்கவேண்டியதுமில்லை. அவள் காணப்படவேண்டும், அவ்வளவே. பேத்தியின் வினாக்கள் எழுத்தரின் வினாக்களைவிடத் தூதரின் வினாக்களுக்கு நெருங்கியவை.

8. நம் சபைகளில் எழுதப்படும் குடும்ப வரலாறுகள்

நூற்றாண்டு விழா மலர்களிலும் குடும்பக் கூடுகைகளிலும் வெளியிடப்படும் வம்ச வரலாறுகளை நாம் அறிவோம். முதன்முதல் திருமுழுக்குப் பெற்ற ஆண்மகனில் அவை தொடங்குகின்றன. உபதேசியார், ஆசிரியர், குருவானவர், மருத்துவர் என்று படிப்படியாக ஏறுகின்றன. பெண்கள் ‘அவர் மனைவி’ என்றோ ‘மூன்று பெண்மக்கள்’ என்றோ நின்றுவிடுகின்றனர். கடல்கடந்து சென்று திரும்பாதவர், கணவனைவிட்டுப் பிரிந்தவர், சாதிவிட்டு மணந்தவர், மனநலம் குன்றியவர் ஆகியோரின் கிளைகள் வெட்டப்பட்டிருக்கும். இன்னும் வெளிப்படையாகச் சொல்வதானால், கிறிஸ்துவுக்குள் நீங்கிவிட்டதாக நாம் அறிக்கையிடும் சாதியை, பெண்கொடுக்கவும் எடுக்கவும் வேண்டி, உறுதிப்படுத்தும் சான்றாக இவ்வட்டவணைகள் சில இடங்களில் பயன்படுகின்றன. எஸ்றாவின் காலத்துப் பட்டியல் நம் கையிலும் இருக்கிறது. சுஜாரியாவின் சீட்டில் பிராமணர் என்று இருப்பதைக் கண்டு அவள் சந்ததியார் பெருமைகொள்வதற்கும் நம் செயலுக்கும் வேறுபாடு சிறிதே.

ஆனால் இதே பதிவேடுகள் வேறொரு பணியையும் ஆற்றவல்லவை. நிலமில்லாமல், பட்டா இல்லாமல் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்களின் பாட்டன் பூட்டனைப் பெயரோடு குறிக்கும் மிகப் பழைய எழுத்து, ஞானஸ்நானப் பதிவேடாகவே இருக்கக்கூடும். அரசாங்கமும் மிராசுதாரரும் ஆள் என்று எண்ணிய ஒருவரைச் சபை பெயர்சொல்லி எழுதிற்று. கடல்கடந்தோரைத் தேடுவோருக்கும் வழி உண்டு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்கள் காக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர்கள். வட ஆற்காடு முதலிய நம் மாவட்டங்களின் ஊர்ப்பெயர்கள் அவற்றிற் காணப்படுகின்றன. சாதிக்குரிய கட்டத்தில் கிறிஸ்தவர் என்று எழுதப்பட்டோரும் உளர். திருமுழுக்கில் பெயர் மாறிய இடத்தில் சங்கிலி அறுந்துபோவதால், பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துக் குறித்த பதிவேடு எங்கே கிடைப்பினும் அது பொன்போலக் காக்கத்தக்கது.

ஆகையால் மூன்று காரியங்களைப் பணிவுடன் முன்வைக்கிறேன். முதலாவது, ஊர்ச்சபைகளில் கரையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகிவரும் பழைய பதிவேடுகளைப் படியெடுத்து வைப்பது குருவானவரின் ஊழியத்தில் ஒரு பகுதியாகவேண்டும். இரண்டாவது, களப்பணிக்குச் செல்லும் இறையியல் மாணவர்கள் சபையிலுள்ள மூத்த தாய்மாரிடம் அமர்ந்து, அவர்கள் தங்கள் பாட்டிமாரைப் பற்றி அறிந்தவற்றைக் கேட்டு, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதவேண்டும். தாய்வழிச் செய்திகள் பதிவேட்டில் இல்லை. அவர்கள் நினைவிலேயே இருக்கின்றன. மூன்றாவது, குடும்ப வரலாறு எழுதுவோர், தெரிந்தது எது, ஊகம் எது, மறைக்கும்படி சொல்லப்பட்டது எது என்று பிரித்தறிந்து எழுதவேண்டும். உயிரோடிருப்போரை வெட்கப்படுத்தும் செய்தியை அச்சேற்றுவதா என்பது அன்பினால் முடிவுசெய்யத்தக்கது. ஆனால் அதற்குப் பதிலாகப் பொய்யான ஒன்றை எழுதுவதற்கு அன்பைக் காரணம் காட்டலாகாது.

‘கூலி வுமன்’ கிறிஸ்தவ நூலன்று. நம் நோக்கங்களுக்காக எழுதப்பட்டதுமன்று. எனினும் பேர்பெற்றோரின் வரலாற்றையே எழுதிப் பழகிய நமக்கு, ஒரே ஒரு தாளில் எஞ்சியிருக்கும் ஒருத்தியை எவ்வளவு மதிப்போடு தேடலாம் என்பதை அது கற்பிக்கிறது. மத்தேயுவின் அட்டவணையை ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தில் வாசிக்கிறோம். அந்நான்கு பெண்களின் பெயர்களை வாசகர் விரைந்து கடந்துவிடாமல், நம் சபையின் ஏட்டிலிருந்து விடுபட்டவர்கள் யார் என்று நாம் ஒவ்வொருவரும் கேட்போமாக.